நீர்த்துறையில் முப்பத்தேழு குடங்கள்

ஆறு வற்றாதிருக்க, இரு கரையும் தழைத்திருக்க. தேனலாற்றின் வடகரை ஆளும் செங்கரைக் கோமான் நெடுமுடியார் திருவாய்மொழிந்தபடி, தென்கரை ஆளும் வெண்துறைக் கோமகன் மாவேள் குன்றனார் திருமுன் வைக்க விடுத்த ஓலை. எழுதுபவன் அமைச்சன் பேரெயினன். கோமானுக்குத் தாய்மாமன், நாவால் பிழைப்பவன், தொந்தியால் அறியப்படுபவன். தங்கள் குடிகள் நலமே வாழ்க என்று தொடங்குவது முறை. அந்த ஒரு வரிக்கு அவன் மூன்று ஓலை நறுக்குகளைப் பாழாக்கினான்.

இரு நாட்டுக்கும் போர் மூண்டு இது மூன்றாம் ஆண்டு. ஆயினும் நாள்தோறும் முற்பகலில் தங்கள் இளவல் அழிசியார் பரிசலேறி எங்கள் கரைக்கு வந்து, முதுகில் வேல்முனை பட நின்று நீர்ப்பறை முழக்குவார்; அதே வேளையில் பேரெயினன் தங்கள் கரையில் முழக்குவான். பகைவரின் இரத்த உறவு தம் துறையில் நிற்பதைக் கண்ட பிறகே இரு கரைப் பெண்டிரும் குடத்தோடு இறங்குவர். அவர்கள் கரையேறும் வரை எந்த வில்லும் வளையாது.

சென்ற திங்கள் அழிசியார் காய்ச்சலில் விழுந்தார். அவர் தேறும்வரை அவரவர் கரையில் அவரவர் ஆளே முழக்கினால் ஆகாதா என்று தங்கள் தூதர் கேட்டார். பரிசலில் ஏற முழங்கால் வலிக்க, முற்பகலுக்கே வயிறு கூவும் பேரெயினன் மகிழ்ந்துபோய் ஒப்பினான். “அடிக்கிறவன் யாரென்று பறைக்குத் தெரியவா போகிறது, தூதரே?” என்றான். அவையே சிரித்தது. தூதர் சற்றுக் கூடுதலாகவே சிரித்தார்.

நான்கு நாளைக்கு முன், பிணையாக எவரும் நில்லாத எங்கள் துறையில் பறை முழங்க, நாணலுக்குள் பதுங்கியிருந்த தங்கள் வில்லாளிகள் பதினொருவர் அம்பு தொடுத்தனர். நீர் மொள்ள வந்தவர் முப்பத்தேழு பேர் மாண்டனர். ஒருவர் கையிலும் குடத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அமைச்சன் தெருவில் நடந்தால், “பாத்து வாங்க சாமி, மண்ணு இன்னும் காயல, நீங்க மிதிச்சா கெணறாயிடும்” என்று ஏசும் குயத்தி நல்லினியும் அவர்களுள் ஒருத்தி. அவள் குடத்தில் கீறல்கூட இல்லை. அதைத் தூக்கி வந்தவன் இவ்வோலை எழுதுபவன்.

தங்கள் ஓலை நேற்று வந்தது. ‘எம் ஆணையின்றி நேர்ந்தது, போர்க்காலத்தில் இவை நேர்வதுண்டு’ என்று முத்து முத்தான எழுத்தில் இருந்தது. எழுத்தருக்கு எம் பாராட்டு. மழை நேரும், மாடு முட்ட நேரும். பதினொரு வில் ஒரே வேளையில் வளைய நேராது. அப்பதினொருவரும் தங்கள் பாசறையில் விருந்துண்கின்றனர். உணவாவது தங்கள் ஆணைப்படி பரிமாறப்படுகிறதா என்று அறிய விழைகிறோம்.

எம் படைத்தலைவர் இன்று அவையில் எழுந்து, “அந்தக் கரையிலயும் பொம்பளைங்களுக்குத் தாகம் எடுக்கும்ல? நாளைக்கு அவங்க பறை அடிக்கட்டும், நம்ம நாணல்லயும் ஆளிருக்கும்” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. கோமான் மாமன் பக்கம் திரும்பி, “நாளை முற்பகல் வரைதான் பொறுப்பேன், மாமா” என்றார்.

ஆகவே கோமான் ஆணை இது. பதினொருவரையும் கட்டி அனுப்புக. அழிசியார் தேறிவிட்டார் என்றறிந்தோம். நாளை முற்பகல் அவர் எங்கள் துறையில் வந்து நிற்க. நான்கு நாளாக எங்கள் பெண்டிர் ஆற்றைப் பார்த்தபடி தாகத்தோடு இருக்கின்றனர். அவர் வராவிடில் எம் படைத்தலைவர் சொன்னது நடக்கும். செங்கரையின் இரட்டைமீன் இலச்சினை இதன்மேல் இடப்பட்டது.

இலச்சினைக்குக் கீழே மிஞ்சிய இடத்தில் உள்ள இவ்வரிகள் கோமானுக்கு வாசித்துக் காட்டப்படவில்லை. அழிசியார் வந்தாலும் வராவிட்டாலும் பேரெயினன் நாளை தங்கள் துறையில் நிற்பான். தாய்மாமன் நிற்கும் கரையில் அம்பு விட எம் கோமான் ஒப்பமாட்டார். தங்கள் பெண்டிர் அஞ்சாமல் இறங்கட்டும். வேல்முனையை முதுகில் வைப்பவரிடம் மட்டும் சொல்லிவையுங்கள்: பறை எது, அமைச்சன் எது என்று முன்பக்கம் பார்த்தால் குழம்பும். நல்லினியின் குடமும் அவனோடு வரும். திரும்ப விட்டால் நிரப்பி எடுத்துப் போவான். விடாவிட்டால் குடத்தையாவது அனுப்பிவையுங்கள்.

இவை பேரெயினன் எழுத்து.