மடியில் விரித்த சட்டை

குவாஹாட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா? நான் நலம்.

நான் ஏற்பாடு செய்த தகவல் தொடர்புப் பயிலரங்கு நல்லபடியாக முடிந்தது. ஜெர்மனியிலிருந்து காணொளியில் பேசியவர் சிக்னலைப் பற்றிச் சொல்லும்போதே சிக்னல் போய், திறந்த வாயோடு திரையில் அப்படியே நின்றுவிட்டார். அரங்கமே சிரித்தது. நான் ஒயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில்தான் மயிலம் கோயிலில் அக்கா மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்தினீர்கள்.

தாய்மாமன் மடிக்குப் பதிலாக, அப்பா மடியில் என் நீலச் சட்டையை விரித்துப் பாப்பாவை உட்காரவைத்தாயாம். "மாமன் வரலன்னா என்னா, சட்டை வந்துச்சே" என்று அக்கா போனில் சிரித்தாள்.

பயிலரங்கு என் பேராசிரியர் குறித்த தேதி என்று உங்களிடம் சொன்னேன். குறித்தது நான்தான் அம்மா. தேதியை என்னையே முடிவு செய்யச் சொன்னார்கள்; கூட்டத்தில் யாரோ அந்த நாளைச் சொன்னபோது, காதுகுத்து அன்றைக்குத்தான் என்று தெரிந்தும், அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டேன். அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இங்கே கிடைக்கும் வேர்க்கடலை நம்மூர் மல்லாட்டை மாதிரி இல்லை; பார்சலில் வறுத்த மல்லாட்டையும் எலுமிச்சை ஊறுகாயும் வை. அந்தச் சட்டையையும் வை. நான் உட்கார்ந்து எழுதும் அரங்கைப் பூட்ட வாட்ச்மேன் கூப்பிடுகிறார். சட்டையைத் துவைத்துவிடாதே அம்மா, பாப்பா தலைச் சந்தனம் அதிலேயே இருக்கட்டும்.

உன் மகன்
பிரேம்குமார்