மூன்றாவது போல்ட்டு

என் அருமை அடைக்கலம் மச்சானுக்கு,

உங்களைக் கொன்ற லாரி போன வாரம் நம் பட்டறைக்கு வந்தது. தானாக வரவில்லை. உங்கள் பெண்டாட்டி, என் கூடப்பிறந்த அக்கா ஸ்டெல்லா, போன் போட்டு வரவழைத்தாள். கல்லறைக்குள் படுத்துக்கொண்டு கத்தாதீர்கள், உங்களுக்கும் சேர்த்து நான் இங்கே கத்தி முடித்துவிட்டேன்.

லாரிக்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிட்டது. எஞ்சினிலிருந்து புகைக்குழாய் இறங்கும் இடத்தில் மூன்று போல்ட்டு இருக்கிறதல்லவா, அதில் இரண்டை நீங்கள் கழற்றியிருந்தீர்கள். மூன்றாவதில் கை வைத்திருந்தபோதுதான் போனீர்கள். அந்த ஒற்றைப் போல்ட்டை நம்பி, குழாயைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிக்கொண்டு, வேதாரண்யத்து உப்பை ஏற்றி இறக்கிக்கொண்டு ஒரு வருஷமாக அலைந்திருக்கிறது அந்தச் சனியன். வெடி போட்ட மாதிரி வந்து நின்றது. தெரு நாயெல்லாம் பின்னாலேயே ஓடி வந்தன.

ஓட்டிக்கொண்டு வந்தவன் யார் தெரியுமா? அதே கலியமூர்த்தி. அவன் கதவைத் திறப்பதற்குள் நான் சம்மட்டியை எடுத்துவிட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு விஷயம் தெரியாது, அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மழைநாளில் அந்த லாரியைத் தள்ளிக்கொண்டு வந்து நம் சரிவில் நிறுத்தினார்கள். ஹேண்ட் பிரேக்கை உப்பு தின்றுவிட்டது. முன்சக்கரத்துக்கு அண்டக்கொடுத்த புளியங்கட்டைதான் அதை நிறுத்தி வைத்திருந்தது. நீங்கள் அடியில் படுத்து, ஸ்பேனரில் நீளப் பைப்பைச் செருகி அந்தப் போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். டிரைவர் கலியமூர்த்திக்குப் பசி. தரை எல்லாம் சகதி. அந்தக் கட்டையை உருவிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தான். நீங்கள் ஒரு இழுப்பு இழுத்தீர்கள். லாரி நகர்ந்தது.

உங்கள் நெஞ்சிலிருந்து வந்த சத்தத்தை நான் கேட்டேன். அதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லமாட்டேன்.

பிறகு கையிலிருந்த ஸ்பேனரால் கலியமூர்த்தியை அடித்தேன். அவன் வாயில் இன்னும் சோறு இருந்தது. வலது தோள் எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. கேட்ட பிறகும் அடித்தேன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பிய்த்து எடுத்தார்கள். போலீஸ் வந்தபோது, கால் இடறி விழுந்துவிட்டேன் என்று அவனே சொல்லிவிட்டான். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. என்னை உள்ளே தள்ளியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அப்போது அவனுக்குத் துபாயில் டிரைவர் வேலைக்கு விசா வந்திருந்ததாம். மெடிக்கல் டெஸ்டில் கையைத் தூக்கச் சொன்னார்கள். தோளுக்கு மேல் எழும்பவில்லை. அதனால்தான் இன்னும் அதே லாரியில் கிடக்கிறான். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மச்சான். பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் சம்மட்டியோடு போன என்னை அக்கா குறுக்கே வந்து மறித்தாள். ஊரிலுள்ள பட்டறையெல்லாம் முயன்று அந்தப் போல்ட்டின் தலையை மழுக்கிவிட்டார்களாம். முதலாளி லாரியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடப் போகிறாராம். இதெல்லாம் எப்படியோ அவள் காதுக்கு வந்திருக்கிறது.

"அவரு கை கடைசியா புடிச்சது அந்தப் போல்ட்டு. எவனோ உடைச்சு எடைக்குப் போடவா? முழுசா கழட்டி என் கையில குடு, தம்பி."

முழுசாக. அதுதான் சிக்கல். உடைக்கச் சொல்லியிருந்தால் ஒரே அடியில் முடித்திருப்பேன். அந்த லாரியையே துண்டு துண்டாக்கித் தந்திருப்பேன்.

அதோடு விட்டாளா? அந்தப் புளியங்கட்டையைத் தூக்கிவந்து முன்சக்கரத்தில் அண்டக்கொடுத்தாள். கலியமூர்த்தியைக் கூப்பிட்டு, சகதியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நான் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வருகிறவரை கை எடுக்கக் கூடாது என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவன் கையை நம்பி நான் அடியில் போக வேண்டுமா என்று கேட்டேன்.

"ஒன்ன நம்பி அவன் வரலையா?" என்றாள்.

அக்காவிடம் வாய் கொடுத்து ஜெயிக்க உங்களாலேயே முடிந்ததில்லை. போனேன். ஆனால் பின்சக்கரத்துக்கு இரண்டு கருங்கல்லை அண்டக்கொடுத்துவிட்டுத்தான் போனேன். என்னைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?

அடியில் படுத்ததும் உங்கள் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, வெறிதான் வந்தது. போல்ட்டின் தலையில் உளியை வைத்து அடித்தேன். ஒரு அடிக்கு முதலாளியைத் திட்டினேன், ஒரு அடிக்கு உப்பை, ஒரு அடிக்கு மழையை. துரு கொட்டிக் கண்ணை மூடியது. உளி வழுக்கி விரல்முட்டி கிழிந்து ரத்தம் முழங்கை வரை வழிந்தது. ஒவ்வொரு அடிக்கும் லாரி அதிர, சக்கரத்துக்குப் பக்கத்தில் அவனுடைய பத்து விரலும் வெளிறிப்போய்க் கட்டையில் பதிவது தெரிந்தது. அதைப் பார்த்து இன்னும் ஓங்கி அடித்தேன்.

உங்களையும் திட்டினேன். குவைத்தில் வேலை பார்த்தபோது யுத்தம் வந்து ஸ்பேனர் பெட்டியோடு ஓடி வந்தீர்களே, அப்போது அந்த ஊர் ஃபோர்மேனின் சட்டத்தையும் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தீர்கள். பட்டறையில் யாரும் உட்காரக் கூடாது, ஸ்டூலோ பெஞ்சோ கிடையாது, உட்கார்ந்தால் வேலை படுத்துவிடும். வருகிற டிரைவர்கள் எல்லாரும் நின்றே டீ குடித்தார்கள், நின்றே சாப்பிட்டார்கள். அது நல்ல சட்டமா, மச்சான்? இந்த ஒரு வருஷமாக உங்களிடம் கேட்க நினைத்தது அது ஒன்றுதான்.

போல்ட்டு அசையவில்லை. கழுத்தில் விரிசல் விடுகிற மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு அடி அடித்தால் ஒடிந்துவிடும். ஒடிந்து தொலையட்டும் என்று சம்மட்டியை ஓங்கினேன்.

அப்போது அக்கா குனிந்து கையை நீட்டினாள். ஒரு மெழுகுவர்த்திக் கட்டை, திரி கருகியிருந்தது. முந்தின நாள்தான் கல்லறைத் திருநாள். உங்கள் தலைமாட்டில் நாங்கள் ஏற்றிவைத்து, மழையில் அணைந்துபோன மெழுகு.

வருஷா வருஷம் திருநாளுக்கு மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், எரிந்து மிஞ்சிய மெழுகையெல்லாம், துருப்பிடித்த போல்ட்டை இளக்குவதற்காகப் பட்டறைக்குப் பொறுக்கி வருவீர்களே. செத்தவர்கள் வெளிச்சத்தைத் திருடுகிறீர்கள் என்று அக்கா சண்டை பிடிப்பாள். எரிந்தவரை அவர்களுக்கு, மிச்சம் போல்ட்டுக்கு என்று சிரிப்பீர்கள். இந்த முறை அவளே திருடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தேன். போல்ட்டு செக்கச்செவேல் என்று சிவக்கிறவரை விட்டேன். சூடு கொஞ்சம் இறங்கியதும் உங்கள் மெழுகை அதன் கழுத்தில் வைத்தேன். சீறிக்கொண்டு உருகி மரைக்குள் இறங்கியது. புகை மூக்கில் ஏறியது. பைப் ரிஞ்சை மாட்டி, நீங்கள் செய்கிற மாதிரி முதலில் கொஞ்சம் இறுக்கினேன், பிறகு எதிர்ப்பக்கம் இழுத்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம். போல்ட்டு அசைந்துவிட்டது.

சுற்றிச் சுற்றி வந்து, கடைசி மரையில் கை தவறி என் நெஞ்சில் விழுந்தது. சட்டையைப் பொசுக்கிக்கொண்டு தோலில் உட்கார்ந்தது. நான் தட்டிவிடவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே கிடந்து அழுதேன். புண் இன்னும் ஆறவில்லை, வடு போகாது என்று நினைக்கிறேன்.

முழுசாக வந்தது. அக்கா முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டாள். சுட்டிருக்கும், அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போது மாதா படத்துக்கு முன்னால் இருக்கிறது. சிங்கப்பூருக்கு வெல்டிங் வேலைக்குப் போயிருக்கிற உங்கள் மகனிடம் அக்கா போனில் முதலில் சொன்னது அதைத்தான்.

நான் எழுந்து வந்து பார்த்தால் கலியமூர்த்தி இன்னும் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மழை தூறுகிறது. வலது தோள் ஒரு பக்கமாக இறங்கி நடுங்குகிறது. முடிந்தது, விடு என்றேன். விடவில்லை. அதட்டினேன், அப்போதும் விடவில்லை.

"மண்ணு ஈரமா இருந்துச்சிண்ணே," என்றான். "அன்னைக்கு ஒக்கார எடமில்லண்ணே."

ஒரு வருஷம் கழித்து அவன் என்னிடம் பேசியது அவ்வளவுதான். என் கை ஓங்கிவிட்டது. அடிக்கத்தான் ஓங்கினேன். அப்புறம் என்ன ஆயிற்றோ தெரியவில்லை, குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தேன். விறைத்துப்போயிருந்தன. மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இன்னும் இல்லை.

பக்கத்து டீக்கடைக்குள் புகுந்து, கேட்காமல் கொள்ளாமல் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து, அவன் முன்னால் வீசினேன். காலில் பட்டிருக்கும். உட்காருடா என்றேன்.

உட்கார்ந்தான். உங்கள் பட்டறையில் ஒரு டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மச்சான், இனி ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மறுநாள் நானே வந்து உங்கள் மெழுகின் மிச்சத்தைத் திருடிக்கொண்டு போவேன். உங்கள் ஸ்பேனர் துருப்பிடிக்க விடமாட்டேன். ஆனால் அந்த ஸ்டூல் இங்கேதான் இருக்கும். டீக்கடைக்காரருக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். கோபம் வந்தால் நேரில் வந்து என்னிடம் சண்டை போடுங்கள். வந்தால் போதும்.

உங்கள் சட்டத்தை உடைத்த மச்சினன்,
சவரிமுத்து