ஓடுகிற கிரைண்டரைக் கொடுத்துவிட்டேன்

இன்று காலை, எடுத்துப்போக வந்தவனுக்கு வாசலில் வைத்துக் கிரைண்டரைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிக் காட்டினோம். பெல்ட் சூடேறி அந்த ரப்பர் வாடை வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. உயிரோடு இருந்தவரைக்கும் உன்னை வாங்க, போங்க என்றுதான் பேசினேன். இனிமேல் நீதான். கட்டின புருஷனை இப்படிப் பேசலாமா என்று கேட்க வேண்டுமானால் எழுந்து வந்து கேள்.

இடஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்த வருஷம், ஆலைக்குக் கரும்பு போட்ட காசில் அதை வாங்கினாய். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, பிள்ளையைப் போல் இறக்கினாய். "உன் ஆயுசுக்கும் ஒழைக்கும்டி" என்றாய். அடுத்த வாரம் நீயும் ஊர் ஆம்பிளைகளும் கோடாலியோடு போய், ஊர் முனையில் இருந்த புளியமரங்களைச் சாய்த்து ரோட்டில் போட்டீர்கள். நீங்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. நானும் கூழ் கொண்டுவந்து ஊற்றினேன். "பாட்டன் காலத்து மரமாச்சேங்க" என்றதற்கு, "மரம் மறுபடி மொளைக்கும், போடி" என்றாய்.

குழவியை வெளியே எடுத்தால்தான் மாவை வழிக்கலாம், கல்லைக் கழுவலாம். இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, மூச்சை அடக்கித் தூக்க வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு அப்புறம் எனக்கு அடிவயிறு இறங்கிவிட்டது. கர்ப்பப்பை சரிந்திருக்கிறது, இனி கனம் தூக்கக்கூடாது என்றார் கள்ளக்குறிச்சி டாக்டரம்மா. சாய்த்து மாவெடுக்கிற கிரைண்டர் வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டேன்.

"ஓடுறத எவளாவது மாத்துவாளா? இத இன்னா பண்றது, கொண்டுபோய் ஏரியில போடவா? இரும்பு இன்னா மரமா, மறுபடி மொளைக்க?"

நீ சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. அக்கம்பக்கத்தில் புதுசு புதுசாக வாங்கியதெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காமல் ஏரிக்கரையில் கிடக்கிறது. நம்முடையது பெல்ட் மாற்றினால் ஓடும். சுவிட்சைப் போட்டால் லைட் மங்கும், கரண்டு பில் ஏறும். அதற்கும் என்னைத்தான் திட்டினாய்.

போன மாசம் மருமகளுக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தார்கள். வேறு கிரைண்டர் வாங்குடா என்றால் உன் மகன், "நல்லாத்தானே ஓடுது" என்கிறான். அதே குரல். வெள்ளிமலையில் டிபன் கடை வைத்திருக்கிறவனுக்கு அன்றைக்கே சொல்லி அனுப்பினேன்.

இன்று ஜீப்போடு வந்தான். "இன்னா ஆயா, நல்லா ஓடிக்கினு இருக்கிற மிஷினப் போயி தர்ற?"

"உன் கடையில குழவிய யாரு தூக்குவாங்க?"

"நாங்க ஆம்பிளைங்க மூணு பேரு இருக்கிறோம்."

"அப்ப எடுத்துக்கினு போ."

குழவியைத் தூக்கியவன் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டான். "யப்பா! இதையா தெனம் தூக்கினீங்க?" உன் மகன் போய் ஒரு பக்கம் பிடித்தான்.

மருமகளுக்குச் சாய்க்கிற கிரைண்டர் வந்துவிட்டது. புதுசு சீக்கிரம் செத்துப்போகும், ஏரிக்கரைக்குத்தான் போகும். தெரிந்தே வாங்கினேன். அந்தக் குப்பைக்கு என்னைத் திட்டிக்கொள். மருமகள் நிமிர்ந்து நடந்தால் எனக்குப் போதும்.

பெல்ட் மாற்றினாய், எண்ணெய் விட்டாய், ஆயுத பூஜைக்குச் சந்தனம் தடவினாய். ஒரு நாளாவது அந்தக் குழவியைத் தொட்டுத் தூக்கினாயா? "ஒருவாட்டி நீங்க தூக்குங்க" என்று உன் முகத்துக்கு நேராகச் சொல்ல வந்து, வந்து, விழுங்கினேன். அந்த வார்த்தை இறங்கிப்போன வயிற்றோடு சேர்ந்து இன்னும் எனக்குள்தான் கிடக்கிறது.