முதல் பதில் உன்னுடையது

மார்ச் 4

அன்புள்ள அம்மாடி,

ஆறாம் வகுப்பில் ஒருத்தி என்னைக் கேட்டாள்: "டீச்சர், நான் கை தூக்கினதை நீங்க பார்க்கலைன்னா, தூக்கினதா இல்லையா?" சிரித்து உட்கார வைத்துவிட்டேன். இன்று அவள் இடத்தில் நான் நிற்கிறேன். எத்தனை போன் செய்தும் நீயும் தம்பியும் எடுக்கவில்லை.

என்ன தப்பு செய்தேன்? வேலை போய்விட்டதென்று தம்பி வலைத்தளத்தில் எழுதியிருந்தான். கீழே ஒரு பதில்கூட இல்லை. மனசு ஆறவில்லை. "சொந்த வீட்டிலகூட ஏன்னு கேட்க நாதி இல்லையா? அக்கா நான் இருக்கேன்டா" என்று எழுதினேன். கூடப் பிறந்தவள் இதுகூட எழுதக் கூடாதா?

உன் நாத்தனார்

மார்ச் 11

அக்காவுக்கு,

வார்டில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். அவர் எழுதியதற்கு முதல் பதில் நான் போட்டது. பிறகு அவர் நண்பர்கள், என்னோடு வேலை பார்க்கும் நர்சுகள் என்று எல்லோரும் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அத்தனைக்கும் அடியில் வந்து 'நாதி இல்லையா' என்று கேட்டீர்கள். மறுநாள் தலைமை நர்ஸ் கேட்டார்: "உன் நாத்தனாருக்குக் கண்ணு தெரியாதா, இல்ல உன்னைத்தான் தெரியாதா?"

உங்கள் தம்பி உங்களை விட்டுக்கொடுக்கவும் மாட்டார், எனக்காகப் பேசவும் மாட்டார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. போன் வேண்டாம் அக்கா. கொஞ்ச நாள் சும்மா இருக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 19

அம்மாடி,

உன் கடிதத்தோடு எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரிடம் போனேன். அந்த வலைத்தளத்துக்கு ஒரே முதலாளி கிடையாது, ஆளாளுக்கு ஒரு சர்வர், அதாவது பதிவுகளை வைத்திருக்கும் தனிக் கணினி. எனக்கென்று ஒன்றை அமைத்துத் தந்தது அவர்தான். "தனி வீடு கட்டிக்கிட்டு, தெருவுல பேசுறது காதுல விழலைன்னா எப்படி?" என்றார். நான் பின்தொடர்பவர்கள் எழுதுவதுதான் தானாக வருமாம். மற்றவர்களின் பதில்களை மற்ற சர்வர்களுக்குப் போய் எடுத்துவர ஒரு துணைக் கருவி, ஒரு சின்ன மென்பொருள், உண்டாம். நிறுவி, என் சர்வருக்குள் நுழையச் சாவி கொடுத்து, ஓட விட்டார்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் முதலில் நீ: "நான் இருக்கேன். சாப்பிட்டுட்டுப் படுங்க."

சில நாள் நானே கையால் ஓட்டினேன். மறந்த வேளையில் ஒன்றும் வரவில்லை. பள்ளி மணி மாதிரி, யார் மறந்தாலும் அது அடிக்க வேண்டும். மணிக்கொரு முறை ஓடும்படி நேரம் குறித்துவிட்டோம்.

பழியைச் சர்வர்மேல் போட்டு முடித்திருப்பேன். கணக்கு டீச்சர் விடவில்லை. "தம்பி மனைவியைப் பின்தொடர்ந்திருந்தா இது எதுவுமே இல்லாம வந்திருக்குமே?" என்றார். தம்பியை முதல் நாளே பின்தொடர்ந்தேன். உன்னைப் பின்தொடரத் தோன்றவே இல்லை.

எழுதியதை அழிக்கவில்லை. அழித்தால் நீ பட்டது பொய்யாகிவிடும். அதன் கீழேயே, எல்லோரும் பார்க்க, மன்னிப்பு கேட்டிருக்கிறேன். உன்னைப் பின்தொடர அனுமதியும் கேட்டிருக்கிறேன், அதற்கு அவசரமில்லை. களைத்திருக்கிறாய். எனக்கு எழுதவும் வேண்டாம்.

தம்பிக்கு மட்டும், அதே இடத்தில், ஒரு வரி எழுதிப் பார். ஒரு மணி நேரத்துக்குள் அது என் கண்ணிலும் படும்.

கண் தெரியாத நாத்தனார்