அவள் சாட்சியும் என் கையும்

ஜூன் 2, ஞாயிறு

சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் போதும், அந்தச் சுவிட்சுக்காரிக்கு இருப்புக்கொள்ளாது. இன்றும் எழுந்தாள். "ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஒரு அம்மா, இஸ்திரி உருளையில சிக்கின விரிப்ப எடுத்துட்டிருந்தாங்க. நான் போன் பேசிக்கிட்டே, பாக்காம சுவிட்சப் போட்டுட்டேன். அந்தப் பாவத்தக் கூட கர்த்தர் மன்னிச்சாரு."

அந்த "ஒரு அம்மா" நான்தான், நான்காவது பெஞ்சில் இருந்தேன். மூன்று விரல் போன கையைப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

மன்னித்தாராம். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? வீட்டுக்கு வந்து தங்கையிடம் பொரிந்து தள்ளினேன். "அப்பவே உன்கிட்ட வந்து மன்னிப்பு கேட்டாளே, நீதான சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்ட. அவ வேற எங்க போவா?" என்கிறாள். கூடப் பிறந்தவள் பேசுகிற பேச்சு.

ஜூன் 6

காய்கறிக் கடையில் ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டு, "அது நீங்கதானா?" என்றாள். சுவிட்சுக்காரி சலவைக்கூடத்திலும் சாப்பாட்டு வேளையில் சொல்கிறாளாம். புதிதாகச் சேர்ந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சொல்கிறாளாம். சொல்லச் சொல்ல அவள் பாவத்துக்கு மெருகு ஏறுகிறது. என் கை அப்படியேதான் இருக்கிறது.

நானும் விசுவாசிதான். வேதத்தை எழுத்துக் கூட்டி நானே படித்தேன், இடது கையால் எழுதவும் நானே பழகினேன். யாரிடமாவது போய் அதைக் கூவி விற்றேனா?

ஜூன் 11

போனேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தக் கூடத்துக்குள். அதே நீராவி, அதே சோப்பு நெடி. துணி மடிக்கும் மேசையில் சுவிட்சுக்காரி சாப்பாட்டுடன் உட்கார்ந்து ஒரு புதுப் பெண்ணிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

கையை மேசைமேல் வைத்தேன். "இதக் கேளு, மன்னிச்சிருச்சான்னு."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பெண் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜூன் 12

ஜெபம் வரவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

சுவிட்சுக்காரி சபைக்கு வரவில்லை. போதகர், "சாட்சி இருக்கா?" என்றார். யாரும் எழவில்லை. இது எனக்குப் பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை.

ஜூன் 18

கூடத்து மேற்பார்வைக்காரி வந்தாள். அந்தப் புதுப் பெண் அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லையாம். கொஞ்ச நாள் முன்னால் பெற்ற தாயைக் கோபத்தில் தள்ளிவிட்டிருக்கிறாள். தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்து, இப்போது மகன் வீட்டில் கிடக்கிறாள். "எனக்கெல்லாம் மன்னிப்பு உண்டாக்கா?" என்று அந்தப் பெண் அன்று சுவிட்சுக்காரியிடம் கேட்டாளாம். பதில் வருவதற்குள் என் கை வந்துவிட்டது.

எனக்கென்ன தெரியும்? யாராவது சொன்னார்களா?

ஜூன் 19

சொல்லியிருந்தால் மட்டும்? அவமானப்படுத்தத்தானே போனேன். சுவிட்சைப் போட்டபோது அங்கே ஒரு கை இருந்தது அவளுக்குத் தெரியாது. நான் தெரிந்தே கையை மேசைமேல் வைத்தேன்.

ஜூன் 21

மண்டியிட முடியாது, முட்டி விடாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னேன். ஆண்டவரே, நான் செய்தது அக்கிரமம். உபவாசம் இருக்கிறேன் என்று பேரம் பேச ஆரம்பித்தேன். அது எடுபடவில்லை. வெளிச்சம் இல்லை, குரல் இல்லை. ஆனால் எதிரில் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார், எழுந்து போகவில்லை. சுவர் பக்கம் திரும்பவும் இல்லை.

தங்கை துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். "அழறதுன்னா சத்தமா அழு, நடுநடுவுல தும்மாத" என்றாள். இந்த வயதில் சிரித்துக்கொண்டே அழுதேன்.

ஜூன் 22

சுவிட்சுக்காரி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் ஓரடி பின்வாங்கினாள்.

"பெரியம்மா, இனிமே நான் வாயத் தொறக்கமாட்டேன்."

"யாரு மூடச் சொன்னா? உன்ன முழுசா மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்ல வரல. பாதி வந்திருக்கு, மீதி வரும். செருப்பப் போடு. அந்தப் பொண்ணு வீட்டக் காட்டு."

வழியெல்லாம் அவள் அழுதாள். "நாளைக்கு அழு, இப்ப பாத்து நட" என்றேன். என் முழங்கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தாள். விடச் சொல்லவில்லை.

அந்தப் பெண் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் எட்டிப் பார்த்தாள். என்ன பேசுவதென்று யோசித்து வரவில்லை. வாய் தானாக ஓடியது. "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் குறுக்க வந்துட்டேன். இருக்கும்மா. உனக்கும் இருக்கு. எப்படித் தெரியும்னு கேளு. நேத்துதான் எனக்குக் கிடைச்சுது."

சங்கிலி கழன்றது.

வெகுநேரம் பேசினேன். சுவிட்சுக்காரி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பெண் போனை எடுத்து அண்ணன் வீட்டு எண்ணை அழுத்தினாள். மணி அடிக்க ஆரம்பித்ததும் பயந்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்க மொதல்ல பேசுங்களேன், பெரியம்மா."

வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு வயதான பெண் குரல், தாயாகத்தான் இருக்கும், எரிச்சலாக, "யாரு?" என்றது. என் குரல் மாதிரியே இருந்தது.

"நீங்க என்னப் பாத்ததில்ல," என்றேன். "வச்சிடாதீங்க, ஒரு விஷயம் சொல்லணும்."