அறுத்துப் போட்ட புல்

ஜூன் 3

என் தையற்காரருக்கு,

நான் நலம். முகம் மட்டும் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிட்டது. நீங்களும் வாண்டும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த மேட்டு வயல்களில் போன் சிக்னல் எடுப்பதில்லை என்று தெரிந்தும் "கூப்பிடவே இல்லை" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். டீசல் கொண்டுவரும் லாரிக்கார அண்ணன்தான் இனி நமக்குத் தபால்காரர். கடிதம் கொண்டுவந்தால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். கேட்கத்தான் கூச்சப்படுவார், குடிக்க மாட்டார் என்றில்லை.

குதிரைப் பண்ணைக்காரரின் வயலில் புல்லை அறுத்து, காயவைத்து, மெஷினில் கட்டுகளாகக் கட்டி முடித்தாயிற்று. புதிதாகக் கூப்பிட்டவர். நான் டிராக்டரை விட்டு இறங்கியதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெஷின்காரர் எங்கம்மா?" என்றார்.

"நான்தாங்க மெஷின்காரர்."

மனிதர் அன்றிலிருந்து கட்டி முடிக்கும்வரை வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கடைசி நாள் சாயங்காலம் ஒரு புல்லுக்கட்டைத் தூக்கி, தட்டி, மோந்து பார்த்துவிட்டு, "அடுத்த அறுப்புக்கும் நீயே வந்துடும்மா" என்றார். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் இந்தப் பெருமையை அடித்துக்கொள்வது?

அடுத்தது பால்பண்ணைக்காரர் வயல். எல்லாவற்றிலும் பெரியது. வாண்டுக்குத் தொண்டை வலி குறைந்ததா? வெந்நீர் கொடுங்கள், ஐஸ் கேட்டால் காது கேளாதவர் போல இருந்துவிடுங்கள்.

உங்கள்,
மெஷின்காரர்

ஜூன் 9

டிராக்டர் மகாராணிக்கு,

உன் கடிதத்தை மூன்று வாடிக்கையாளர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். அதில் ஒருவர் சட்டை அளவு கொடுக்க வந்ததையே மறந்து போய்விட்டார். லாரிக்கார அண்ணன் இரண்டு டீ குடித்தார்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே, கடையில் கால் வைக்க இடமில்லை. எங்கே திரும்பினாலும் நீல பாவாடை. வாண்டு வெட்டுத் துணிக் குவியலில் படுத்துத்தான் லீவு வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொண்டை வலி போகவில்லை. காய்ச்சல் மறுபடி வந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "உங்க வீட்டம்மாவோட சீசன் முடியற வரைக்கும் தள்ளிப்போட முடியாதுங்க" என்றார். இந்த வியாழக்கிழமை டான்சில் ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான், மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார். நான் பார்த்துக்கொள்வேன். கடையைப் பக்கத்துக் கடைக்காரர் கவனித்துக்கொள்வார்.

வாண்டுவிடம், "அம்மாவுக்குச் சொல்லி அனுப்பறேன்" என்றேன். "சொல்லாதே. வரேன்னு சொல்லுவாங்க. அப்புறம் வரமாட்டாங்க" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. உன்னோடு இனிப் பேசப் போவதில்லையாம்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அறுத்துப் போட்ட புல்லை விட்டுவிட்டு யாரும் எழுந்து வர முடியாது என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

உன்,
தையற்காரன்

ஜூன் 10

என்னங்க,

லாரி கிளம்பப் போகிறது. அண்ணன் ஹாரன் அடிக்காமல் காத்திருக்கிறார்.

பால்பண்ணைக்காரரின் வயல் முழுவதையும் நேற்றுத்தான் அறுத்துப் போட்டேன். ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பார்த்தால் இன்னும் துவள்கிறது. ஈரத்தோடு கட்டினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். சில நேரம் தானாகவே தீப்பிடிக்கும். வியாழக்கிழமைதான் கட்டப் பதம் வரும். வெள்ளிக்கிழமை மழை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் மாடுகளுக்கு மழைக்காலம் முழுவதற்கும் இதுதான் தீவனம்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. வருவேன் என்று அவளிடம் சொல்லாதீர்கள். வரமாட்டேன் என்றும் சொல்லாதீர்கள்.

உங்கள்,
நான்

ஜூன் 17

மகாராணிக்கு,

நீ திரும்பிப் போன வேகத்தில் உன்னிடம் நிதானமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வாண்டு நன்றாக இருக்கிறாள். கஞ்சி விழுங்குகிறாள். இப்போது ஐஸ்கிரீமை டாக்டரம்மாவே சாப்பிடச் சொல்லிவிட்டதால் நான் காது கேளாதவனாக நடிக்க வழியில்லை.

வியாழக்கிழமை அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும்போது அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நீ வந்தாய். புழுதியும் புல்லுமாக நின்ற உன் கோலத்தைப் பார்த்து நர்ஸ், "யாருங்க நீங்க? இப்படியே உள்ள வரக்கூடாது" என்று கையை நீட்டித் தடுத்தார். "அவளோட அம்மா" என்றாய். குரல் கேட்டு வாண்டு தலையைத் தூக்கினாள். நீ பார்த்திருக்க மாட்டாய், கை கழுவ ஓடிவிட்டாய். அந்த முகத்தை நான் பார்த்தேன். அதுவரை உள்ளே போக மாட்டேன் என்றவள் அதன் பிறகு அடம்பிடிக்கவே இல்லை.

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்து, அவளை வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு, நீ நாற்காலியில் உட்கார்ந்தபடியே கட்டிலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாய். அவள் விழித்துக்கொண்டாள். பேசக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பேசவும் இல்லை. உன் பின்னலில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வைமேல் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் உதவப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு நகர்ந்து படுத்து, உன் தலைக்குக் கட்டிலில் இடம் விட்டாள்.

ஏழெட்டு வருஷமாக நீ மெஷினோடு மல்லுக்கு நிற்பதைப் பார்க்கிறேன். ஆனாலும் அன்று நீ தூங்கியதைப் பார்த்தபோது, இப்படி ஒருத்தி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாளே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நேரில் சொன்னால் சிரிப்பாய். எழுத்தில் சிரிப்புச் சத்தம் கேட்காது என்ற தைரியம்தான்.

அந்த வயல் என்ன ஆயிற்று? கேட்டதற்கு "ஆச்சு" என்று மட்டும் சொன்னாய். உன் "ஆச்சு" எனக்குத் தெரியாதா?

உன்,
தையற்காரன்

ஜூன் 24

என் தையற்காரருக்கு,

நான் தூங்கியதைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

வயலைப் பற்றிச் சொல்கிறேன். நான் எப்போதும் வாய்ச்சண்டை போடுவேனே, அந்த எதிர்க்கட்சி, என்னைப் போலவே மெஷின் வைத்து ஊர் ஊராகப் புல் கட்டுகிறவர், அவரிடம் போய் நின்றேன்.

"ஏம்மா, போன வருஷம் என் கையில இருந்த வயலைப் பிடிச்சிட்டுப் போனவ நீ. இப்ப அதே வயலை உனக்காக நான் கட்டித் தரணுமா?"

"ஆமாண்ணே. பொண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன்."

"இதை மொதல்ல சொல்றதுக்கு என்ன? போ, போ. பஸ்ஸைப் பிடி."

அவர் வாக்கு மாறவில்லை. நான் திரும்பி வந்து பார்த்தபோது புல் முழுவதும் கட்டாகிக் கொட்டகைக்குள் இருந்தது. ஒரு கட்டுகூட நனையவில்லை. ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று சுற்றிச் சுற்றி வந்தேன், கிடைக்கவில்லை.

பால்பண்ணைக்காரர் வாண்டுவின் நலம் விசாரித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே, "தப்பா நினைச்சுக்காதேம்மா. அடுத்த மாசம் ரெண்டாவது அறுப்புல இருந்து அவரையே கூப்பிட்டுக்கறேன். நாளைக்கே உன் வீட்ல மறுபடி ஏதாச்சும்னா என் மாடு எதைத் திங்கும்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் டிராக்டருக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதேன். விஷயம் தெரிந்து எதிர்க்கட்சி ஓடிவந்தார்: "நான் வேணா முடியாதுன்னு சொல்லிடவா?" "எடுத்துக்கங்கண்ணே. மனசோடதான் சொல்றேன்" என்றேன். பாதி மனசுதான் அப்போது. இப்போது முழு மனசு.

அந்த வயல் போனதால் அடுத்த மாதம் இரண்டாம் வாரம் எனக்கு வேலை இல்லை. இது எப்படியோ காதுக்கு எட்டி, குதிரைப் பண்ணைக்காரர் "சும்மாத்தானே இருப்பே, அந்த வாரம் என் தம்பி வயலைப் பிடிச்சுக்கோ" என்றார். சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சொல்லவில்லை. "அந்த வாரம் முடியாதுங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு சீசனுக்கு நடுவில் நான் இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. "சரிம்மா, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று போய்விட்டார்.

தொழிலை விடப் போவதில்லை. புல் பதமாகக் காய்ந்திருக்கும் காலையில் அந்த ஸீட்டில் ஏறி உட்காரும்போது எனக்கு வருகிற சந்தோஷம் உங்களுக்குத் தெரியும். இனி ஒவ்வொரு சீசனுக்கு நடுவிலும் ஒரு வாரத்தை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. அவ்வளவுதான்.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை, மதிய பஸ்ஸில் வருகிறேன். திடீரென்று வந்து நின்று வாண்டுவை ஆச்சரியப்படுத்த வேண்டாம். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நம்ப மாட்டாள், பரவாயில்லை. பத்து தடவை கேட்டால் பத்து தடவையும் சொல்லுங்கள். அவள் காத்திருக்கட்டும். வரேன் என்று சொன்ன அம்மா வந்து இறங்குவதையும் ஒரு தடவை பார்க்கட்டும்.

உங்கள்,
மெஷின்காரர்