ஊதா ரேகை

அக்கா, நேற்று பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாயெல்லாம் புண். அதன் அம்மா பஞ்சில் ஊதா மருந்தைத் தொட்டு நாக்கில் தடவினாள். அந்த வாசனை வந்ததும் என் பெருவிரலைத்தான் பார்த்தேன். உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கல்வராயன் மலையடிவாரத்து விடுதியில் நீ மருந்து போடுகிறவள், நான் சமையல்காரி. வார்டன் புளியம் விளாறால் அடிப்பார். எந்தப் பிள்ளை, எங்கே அடி, எத்தனை தழும்பு, எல்லாம் உன் நோட்டில் ஏறும். "பாத்தவ ஒருத்தி வேணும்டீ" என்று என்னைக் கூப்பிடுவாய். மை டப்பா ஆபீஸில் பூட்டிக் கிடக்கும். எனக்குக் கையெழுத்து தெரியாதே, ரேகைக்கு ஊதா மருந்தைத்தான் என் பெருவிரலில் தடவுவாய். நான் உடனே கையை நீட்டுவேன்.

"இன்னா எழுதிக்கிறேன்னு கேக்க மாட்டியா? கேக்காம கை வெக்காத."

அடுப்பில் பருப்பு தீய்ந்தாலும் படித்துக் காட்டாமல் விடமாட்டாய்.

வார்டனிடமும் அப்படிக் கேட்டிருக்கலாம். ஒரு நாள் தாளை நீட்டி, "அரிசி வந்ததுக்குத்தாம்மா" என்றார். ஆபீஸ் கறுப்பு மையில் ரேகை வைத்துவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லக்கூட இல்லை.

பிறகு ஒரு பிள்ளையின் அப்பா, வார்டன் அடிக்கிறார் என்று மனு கொடுத்தார். அதிகாரி விசாரிக்க வரவேண்டிய வாரம்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டார்கள். நம் வாசலில் விழுந்தது பெரிய புளியமரம். "இனிமே வார்டனுக்கு வெளாறு கெடைக்காது ஆயா" என்று பிள்ளைகள் குதித்தார்கள். ஒரு குச்சி விடாமல் பொறுக்கி வந்து அடுப்பில் வைத்தேன். அன்றைக்குச் சோறு என்னமாய்ப் பொங்கியது! அது கிடக்கட்டும்.

ரோடு அடைபட்டதில் வார்டனுக்கு நாள் கிடைத்தது. "நோட்டு கலவரத்துல போச்சுன்னு சொல்லிடும்மா" என்றார் உன்னிடம். நீ தலையை ஆட்டிவிட்டு, நோட்டைக் கொண்டுவந்து என் கேழ்வரகு மாவுப் பானைக்குள் புதைத்தாய்.

ரோடு திறந்து அதிகாரி வந்தார். வார்டன் என் கறுப்பு ரேகைத் தாளை எடுத்து வைத்தார். விடுதியில் யாரையும் அடித்ததில்லை என்று அதில் எழுதியிருந்ததாம். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. ஆனாலும் மாவுப் பானையிலிருந்து நோட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாய்.

"ரெண்டும் உன் ரேகைதானே? எது நெசம்?" என்றார் அதிகாரி.

"ரெண்டும் என்துதாங்க. கறுப்பு ரேகை வெக்கச்சொல்ல யாரும் படிச்சுக் காட்டல. ஊதாவுக்கு அக்கா படிச்சுது. நோட்ட நீங்க வெச்சுக்கினு கேளுங்க, சொல்றேன்."

அவர் பக்கம் பக்கமாகக் கேட்டார். பருப்பு தீய்ந்த நாளில் யாருக்குக் கெண்டைக்காலில் மூன்று தழும்பு, கீரை கடைந்த நாளில் யாருக்கு முதுகில் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் விரல் வரி வரியாக நகர்ந்தது. வார்டன் அதன்பின் அந்த விடுதிக்கு வரவில்லை.

போன வாரம் ரேஷன் கடையில் மெஷினை நீட்டி, "கைய வை ஆயா" என்றாள் அந்தப் பெண்.

"இன்னா போட்டுக்கிதுன்னு படி மொதல்ல."

"இந்தக் கெழவி வந்தா லைன் நகராது" என்று பின்னால் முணுமுணுத்தார்கள். அவள் படித்து முடிக்கும் வரை விரலை மடக்கியே வைத்திருந்தேன், அக்கா.